காசும் நோட்டும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் சமயமும் பேசப்பெறுவது வழக்கம். அவற்றைப் பேசத் தகுதி வாய்ந்த பெருமக்கள் பலர் நம்மிடையே உளர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளாக இரயில் நிலையச் சாளரத்தின் பின்னே அமர்ந்து சில்லறை எண்ணிவரும் நமக்கு அத்தகுதி இல்லை. ஆதலின் நம் கைக்கு நன்கு பழகிய பொருளொன்றையே இன்று பேச எடுத்துக்கொண்டோம். அன்றாட வாழ்வுக்கு வசதி தருவது காசா, நோட்டா என்பதே அப்பொருள். சிறிய பொருளாகத் தோன்றினும், இதனுள் ஒரு பெரிய செய்தி அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

அண்மையில் ஒரு நாள் காலை மூதாட்டி ஒருவர் தம் பேரனுடன் நம் சாளரத்தின் முன் வந்து நின்றார். மருத்துவத்திற்காகத் தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வந்து, ஊர் திரும்புகின்றவர். சுருக்குப்பையை அவிழ்த்து, பத்து ரூபாய்க் காசுகளை ஒரு கைப்பிடி அள்ளி வைத்தார். வைத்துவிட்டு, “தம்பி, இந்தக் காசு இங்கே செல்லுமா?” என்று அஞ்சியவாறே வினவினார். “செல்லும் அம்மா, எங்கும் செல்லும்” என்றோம். அவர் நம்பவில்லை. பூ விற்று வந்த காசாம் அது. அவருடைய ஊர்க் கடைகளில் வாங்க மறுத்தமையால் பல மாதங்களாக ஒரு பானையில் போட்டு வைத்திருந்தாராம். மலையாள நாட்டில் வாங்குவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சீட்டைக் கையில் பெற்ற பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. “அப்படியென்றால் இத்தனை நாளும் செல்லாது என்று சொன்னவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்?” என்று கேட்டார். வரிசையில் பலர் காத்திருந்தனர். நாம் விடை கூறவில்லை. அன்று கூறாத விடையை இன்று உங்கள் முன் கூற முயல்கிறோம்.

முதலில் நாம் வாழும் இம்மண்ணின் பழைய காசுகளை நினைவுகூர்வோம். திருவிதாங்கூர் அரசுக்குத் தனி நாணயம் இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். ஆகவே, திருவிதாங்கூர் ரூபாய்க்குச் சக்கரம் இருபத்தெட்டு. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அரைச் சக்கரம் அற்பமெனத் தோன்றலாம். பத்து ரூபாய்க்கு ஐந்து சக்கரம் வேறுபாடு என்று கணக்கிட்டுப் பாருங்கள். எல்லை கடந்து வாணிகம் செய்தோர் ஒவ்வொரு பேரத்திலும் எந்த ரூபாய் என்று கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது. சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த நம் முன்னோர் இவ்விரு கணக்கையும் மனத்திலேயே போட்டவர்கள்.

பழைய வெள்ளிச் சக்கரம் மிகமிகச் சிறியது. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவினது. அதனை ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாத செயல். இதற்கென ஒரு மரப்பலகை செய்து வைத்திருந்தார்கள். பலகை முழுதும் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். கைப்பிடிக் காசை அதன்மேல் கொட்டி மெல்ல அசைத்தால் குழிக்கொன்றாகக் காசு தங்கிவிடும். மிகுந்ததைக் கையால் வழித்துவிட்டால், குழிகளின் எண்ணிக்கையே காசின் எண்ணிக்கை. எந்திரம் இல்லாக் காலத்தில் எத்துணை எளிய சூழ்ச்சி! நம் பணி முடியும் வேளையில் காசுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணும்போதெல்லாம், அப்பலகை ஒன்று நமக்குக் கிடைக்காதா என்று எண்ணுவதுண்டு.

இக்கதை திருவனந்தபுரத்தார்க்கு மட்டும் உரியதன்று. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதற்கு முன்னர் அவை திருவிதாங்கூரின் பகுதிகள். நாகர்கோவிலில் காய்கறி வாங்கியவரும் சக்கரத்தைத்தான் நீட்டினார். கரமனையில் அரிசி வாங்கியவரும் அதையேதான் நீட்டினார். இவ்விரு ஊர்களுக்குமிடையே அன்று செல்லாக் காசென்ற பேச்சு எழ வழியில்லை.

1949 இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சக்கரத்தின் காலமும் முடிவுற்றது. அதன்பின் 1957 ஏப்ரல் 1 ஆம் நாள் இந்தியா முழுவதும் தசமக் கணக்கு வந்தது. பதினாறணா, அறுபத்துநான்கு பைசா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பை என்றிருந்த ரூபாய், நூறு நயா பைசா ஆயிற்று. ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று மாற்றுக் கணக்கு வகுக்கப்பட்டது. ஓரணாப் பொருளை ஒவ்வொன்றாக நான்கு முறை வாங்கினால் இருபத்துநான்கு நயா பைசா; ஒருமுறையாக வாங்கினால் இருபத்தைந்து! இத்தகைய குழப்பங்கள் இருந்தபோதிலும் மக்கள் புதுக் காசை ஏற்றனர். 1964 இல் ‘நயா’ என்ற அடைமொழியும் கழன்றது. புதுமையால் மட்டும் ஒரு காசு மறுக்கப்படுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

இனி, நோட்டு ஏன் வந்தது என்று காண்போம். பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா. அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். ஆயிரம் ரூபாயை வெள்ளியில் கொண்டு செல்ல வேண்டுமாயின் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். பெருந்தொகைக்கு நோட்டே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு ரூபாய்க்கும் நோட்டு வந்ததற்குக் காரணம் வேறு. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டமையால், 1917 இல் ஒரு ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டது. மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இருக்க, இதில் மட்டும் நிதித்துறைச் செயலரின் கையொப்பம் இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். இதன் அச்சடிப்பு 1994 இல் நின்றது. 2015 இல் மீண்டும் தொடங்கியது.

சிறுதொகை நோட்டின் குறை யாதெனில், அது கைமாறிக் கைமாறி விரைவில் நைந்துபோவதாம். ஆயிரம் ரூபாயை ஐந்நூறு ரூபாய் நோட்டாக வைத்திருப்பவரிடம் அது பெட்டியிலே உறங்கும். பத்து ரூபாய் நோட்டோ காலையில் தேநீர்க் கடை, நண்பகலில் பேருந்து, மாலையில் மீன் சந்தை என்று ஓய்வின்றி அலையும். இவ்வூர் மழைக்காலத்தில், மீன் விற்கும் தாய்மார் தரும் நனைந்த நோட்டைப் பிரித்து எண்ணிய எழுத்தர்க்கே அதன் அருமை தெரியும். காசு நனையாது, கிழியாது, பல்லாண்டு உழைக்கும். செய்யும் செலவு சற்று மிகினும் நீண்ட காலத்தில் அதுவே சிக்கனம். பல நாடுகள் சிறுதொகை நோட்டை நீக்கிக் காசுக்கு மாறியதன் காரணம் இதுவே.

அந்நாடுகளின் அனுபவத்தைச் சிறிது பார்ப்போம். பிரிட்டனில் 1983 இல் ஒரு பவுன் காசு வந்தது. இங்கிலாந்து வங்கி தன் ஒரு பவுன் நோட்டை 1988 இல் அறவே விலக்கிக்கொண்டது. முதலில் முணுமுணுத்த மக்கள் பின்னர்ப் பழகிவிட்டனர். கானடாவில் 1987 இல் ஒரு டாலர் காசு வந்தது. 1989 இல் ஒரு டாலர் நோட்டு வெளியிடுவது நின்றது. 1996 இல் இரண்டு டாலருக்கும் காசு வந்தது. ஜப்பானில் 1982 இல் ஐந்நூறு யென் காசு வந்தது. அங்கே ஐந்து யென் காசுக்கும் ஐம்பது யென் காசுக்கும் நடுவில் துளை உண்டு. கண்ணால் பாராமலே விரலால் அறியலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 2002 இல் யூரோ புழக்கத்திற்கு வந்தபோது, இரண்டு யூரோ வரையில் காசு, ஐந்து யூரோ முதல் நோட்டு என்று தொடக்கத்திலேயே வரம்பு கட்டினார்கள்.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே 1979 இல் ஒரு டாலர் காசு வெளியிட்டார்கள். அது கால் டாலர் காசை அளவிலும் நிறத்திலும் ஒத்திருந்தமையால் மக்கள் ஏமாந்து போனார்கள். 2000 இல் பொன்னிறத்தில் வேறொன்று, 2007 முதல் குடியரசுத் தலைவர்களின் உருவம் பொறித்த வரிசை என்று பின்னரும் முயன்றார்கள். பயனில்லை. ஒரு டாலர் நோட்டைக் கைவிடாமலே காசையும் வெளியிட்டமையால், மக்கள் பழகிய நோட்டையே நாடினார்கள். காசு கிடங்கில் தங்கிற்று. இரண்டும் உள்ளவிடத்துப் பழகியதே வெல்லும் என்பது இதனால் பெறப்படும்.

சில்லறையே இல்லாமற் போனால் நேர்வது யாது? அதற்கு இத்தாலி நாடு சான்று. 1970களின் நடுவில் அங்கே காசுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. கடைக்காரர்கள் மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்தார்கள். தொலைபேசிக்குப் போடும் வில்லைகள் காசாகக் கைமாறின. வங்கிகள் சிறுதொகைக்குக் குட்டிக் காசோலைகளை அச்சிட்டு வழங்கின. அவற்றையும் மக்கள் வாங்கிக்கொண்டார்கள் என்பதே கருதத் தக்கது. அரசின் முத்திரை இல்லாத மிட்டாயும் தாளும் அங்கே செல்லுபடியாயின. அரசின் முத்திரை பெற்ற பத்து ரூபாய்க் காசு நம்மவர் கடைகளில் செல்லாமற் போயிற்று!

அந்தப் பத்து ரூபாய்க் காசுக்கு வருவோம். வெளியே ஒரு நிறமும் உள்ளே ஒரு நிறமுமாக இரு உலோகத்தால் ஆன இக்காசு 2009 இல் புழக்கத்திற்கு வந்தது. 2010 இல் ரூபாய்க்குப் புதுக் குறியீடு தெரிவு செய்யப்பட்டது. ஆதலின் முன்பு வந்த காசில் அக்குறி இல்லை. பின்பு வந்ததில் உண்டு. ஒன்றில் பத்துக் கோடுகள், மற்றொன்றில் பதினைந்து கோடுகள். தலைவர்களையும் நிகழ்ச்சிகளையும் நினைவுகூரும் காசுகளும் இடையிடையே வந்தன. இவ்வேறுபாடுகளைக் கண்ட சிலர், ஒன்று மெய், மற்றது பொய் என்று கூறத் தொடங்கினார்கள். வதந்தி கைப்பேசி வழியே காட்டுத்தீயெனப் பரவிற்று. 2018 ஜனவரி 17 ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுகாறும் வந்த பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அதில் தெளிவாகக் கூறிற்று. 2011 ஆம் ஆண்டு நாணயச் சட்டமும் ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசுகளை ஆயிரம் ரூபாய் வரையில் சட்டப்படி கொடுக்கலாம். ஐம்பது பைசாக் காசைப் பத்து ரூபாய் வரையில் கொடுக்கலாம். பத்து ரூபாய்க் காசு ஒன்றின் எடை 7.71 கிராம். ஆயிரம் ரூபாய்க்கு நூறு காசு. முக்கால் கிலோவுக்குச் சற்றே மேல். சுமக்க முடியாத சுமையன்று.

அறிக்கையும் சட்டமும் இருந்தும் மூதாட்டியின் காசு பானையில் கிடந்தது. ஏன்? கடைக்காரர்கள் கொடியவர்கள் அல்லர். நம் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு கடையில் நாம் காசை நீட்டியபோது, கடைக்காரர் மெய்யான வருத்தத்தோடு மறுத்தார். “நல்ல காசுதான் என்று எனக்கும் தெரியும், சார். நான் வாங்கினால் என்னிடமிருந்து வாங்குவார் இல்லையே!” என்றார். அவர் மொத்த வியாபாரியைக் கண்டு அஞ்சுகிறார். மொத்த வியாபாரி வேறொருவரைக் கண்டு அஞ்சுகிறார். வாடிக்கையாளரோ மீதிச் சில்லறையில் அதனைப் பெற அஞ்சுகிறார். காசு கள்ளக் காசு என்று எவரும் மெய்யாக நம்பவில்லை. அடுத்தவர் வாங்கமாட்டார் என்று மட்டுமே ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே மெய்யாகி விடுகிறது. மூதாட்டியின் வினாவுக்கு விடை இதுதான். எவரும் பொய்யுரைக்கவில்லை, ஆயினும் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பொய்யை நிலைநிறுத்திவிட்டார்கள்.

அன்று நாம் செய்தது என்ன? வாதாடவில்லை. காசைப் பையில் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்து நீட்டினோம். அதன்பின் ஊருக்குப் புறப்படும் போதெல்லாம், கையிலுள்ள பத்து ரூபாய்க் காசுகளை இங்கேயே செலவழித்துவிட்டு நோட்டாகவே கொண்டுசெல்வதை வழக்கமாக்கிக்கொண்டோம். நமக்கு அது வசதியாயிருந்தது. மூதாட்டியைக் கண்ட பின்னர்தான் அவ்வசதியின் விலை யார் தலையில் விழுகிறது என்பது புலனாயிற்று. நம்மிடம் நோட்டும் இருந்தது. வங்கிக் கணக்கும் இருந்தது. கைப்பேசி வழியே பணம் செலுத்தவும் தெரிந்திருந்தது. ஒரு காசு மறுக்கப்பட்டால் நமக்கு வேறு வழி உண்டு. பூ விற்பவர்க்கும் கூலி வேலை செய்பவர்க்கும் கையிலுள்ள காசே வழி. பத்து ரூபாய்க் காசு முப்பது செல்லாமற் போனால் நமக்கு அது சிறு தொல்லை. அவர்க்கோ அது ஒரு நாள் வருவாயாக இருத்தல் கூடும்.

இன்று சாலைக் கடைத்தெருவில் கீரைக்காரர் முன்னும் கைப்பேசியால் பணம் செலுத்தும் அட்டை தொங்குகிறது. இனிக் காசெதற்கு, நோட்டெதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். நன்று, பெருவசதிதான். ஆயினும் மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசியோடு சாளரத்தின் முன் நின்று திகைப்பவர்களை நாம் காண்கிறோம். கைப்பேசியே இல்லாதவர்களையும் காண்கிறோம். கண்பார்வை இல்லாத அன்பர்கள் காசை விரலால் தடவி, அதன் அளவும் விளிம்பும் அறிந்து சரியாக எடுத்துத் தருவதையும் காண்கிறோம். அவர்கள் எளிதில் அறிதற்பொருட்டே 2019 இல் புதிய காசு வரிசை வெளியிடப்பட்டது. அதிலுள்ள இருபது ரூபாய்க் காசு பன்னிரண்டு பக்கங்கள் உடையது. இவர்களுள் எவரும் விடுபடாமல் அனைவரும் வண்டி ஏற வேண்டுமாயின், காசும் நோட்டும் கைப்பேசியும் அருகருகே இருத்தல் வேண்டும்.

ஆகவே, காசா நோட்டா என்ற வினாவுக்கு நம் தீர்ப்பு இதுவாகும். பெருந்தொகைக்கு நோட்டு, அன்றாடக் கைமாற்றுக்குக் காசு. இதனைப் பிற நாடுகளும் கண்டிருக்கின்றன. ஆனால் எடையும் உலோகமும் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், அடுத்தவர் வாங்குவார் என்ற நம்பிக்கை இல்லையேல் காசு வெறும் தகடே. அந்நம்பிக்கையைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க முடியாது. அஞ்சாமல் முதலில் வாங்குபவர் ஒருவர் வேண்டும்.

அந்த முதல்வர் ஏன் நாமாக இருத்தல் கூடாது? நம் குடும்பங்கள் இரண்டு ஊர்க்கும் உரியவை. திருமணத்திற்கும் பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் ஆரல்வாய்மொழி கடந்து போய் வருகிறோம். காசு தயக்கமின்றிச் செல்லும் ஊரில் வாழ்கிறோம். அது தயங்கி நிற்கும் ஊர்களில் நமக்கு உறவினர் உளர். ஆதலின் மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, யார் தரினும் பத்து ரூபாய், இருபது ரூபாய்க் காசுகளை மறுக்காமல் பெறுங்கள். நம் விழாக்களில் உணவுச் சீட்டு விற்கும் இளைஞர்களுக்கும் இதனைச் சொல்லி வையுங்கள். இரண்டாவது, ஊருக்குச் செல்லும்போது காசை இங்கே விட்டுவிட்டுச் செல்லாதீர்கள், உடன் கொண்டுசெல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் சினவாதீர்கள். ரிசர்வ் வங்கியின் அறிக்கையைப் பொறுமையாக எடுத்துக் கூறுங்கள். அவரிடமுள்ள காசை மீதிச் சில்லறையாக நீங்களே கேட்டு வாங்குங்கள். அவர் அச்சம் நீங்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. மூன்றாவது, ஊரிலுள்ள முதியோர்களிடம் அவர்கள் ஒதுக்கி வைத்த காசு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கு ஈடாக நோட்டுக் கொடுத்து வாங்கிவந்து இங்கே செலவழியுங்கள். இதனால் உங்களுக்கு ஒரு பைசாவும் இழப்பில்லை.

காசுக்கு நம் தமிழில் நாணயம் என்றும் பெயர். சொன்ன சொல் தவறாதவனையும் நாணயமானவன் என்றே சொல்கிறோம். அரசு தன் சொல்லைக் காசில் பொறித்து நம் கையில் தந்திருக்கிறது. அதனை ஒரு முதியவர் நீட்டும்போது வாங்கிக்கொள்வதே நம் நாணயம். இம்முறை ஊருக்குப் போகையில் நம் சட்டைப்பையில் இருபது காசுகள் இருக்கும் என்று இந்த அவைமுன் உறுதி கூறுகிறோம். நீங்களும் உடன்வர வேண்டுகிறோம்.